பின் இருக்கையில் ஒருத்தி

மோதப்போகும் கார்களில் பொம்மைகளை உட்காரவைப்பதுதான் கிருஷ்ணவேணியின் வேலை. வாலாஜாபாத்தைத் தாண்டி, தொழிற்சாலைகளுக்கு நடுவே இருந்த ஒரு தனியார் வாகனச் சோதனைக்கூடத்தில் ஏழு வருஷமாக அதைத்தான் செய்துவந்தாள். கூரத்தில் பிறந்தவள். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்துவிட்டு, செவிலிமேட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். காலை ஏழு மணிக்கு கம்பெனி வேன் செவிலிமேடு பஸ் ஸ்டாப்பில் வந்து ஏற்றிக்கொள்ளும்.

பொம்மை என்றால் காஞ்சிபுரம் காந்தி ரோட்டுப் பட்டுக்கடைகளில் புடவை கட்டி நிற்கிற பொம்மை அல்ல. உள்ளே எஃகு எலும்பு, அதன்மேல் ரப்பர் சதை. நெஞ்சிலும் கழுத்திலும் இடுப்பிலும் அழுத்தத்தை அளக்கும் கருவிகள். இடுப்பு எந்தப் புள்ளியில் இருக்கிறது, முட்டிக்கும் முன் இருக்கைக்கும் எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி, பெல்ட் எலும்பின்மேல் எங்கே படிகிறது என்று ஒவ்வொன்றையும் அளந்து, தாளில் குறித்து, போட்டோ எடுத்துவைக்க வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் தவறினாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். அவளோடு வேலை செய்த சாமுவேல், "அக்கா கொழந்தைக்குத் தல சீவற மாதிரி செய்றாங்க" என்று கேலி செய்வான்.

அந்தச் சனிக்கிழமை வந்திருந்தது இன்னும் விற்பனைக்கு வராத ஒரு சொகுசு செடான். எந்தக் கம்பெனி என்று தெரியாதபடி முத்திரைமேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தார்கள். பின் இருக்கைதான் அந்த வண்டியின் பெருமை. வாங்குகிறவர் பின்னால் உட்காருவார், ஓட்டுவதற்கு வேறு ஆள் இருப்பார். அதனால் இருக்கை அகலமாக, தொட்டால் கை உள்ளே போகிற மாதிரி மெத்தென்று இருந்தது. அதில் உட்காரவேண்டியது சிறிய பெண் பொம்மை. ஐந்தடி உயரம்கூட இல்லை, நாற்பத்தொன்பது கிலோ எடை. ஏறக்குறைய கிருஷ்ணவேணியின் அளவுதான்.

பதினொரு மணிக்குமேல், கடைசி நாலைந்து அளவுகள் பாக்கி இருக்கும்போது போன் அடித்தது. பள்ளிக்கூடத்திலிருந்து. இரண்டாம் வகுப்பு படிக்கிற மகள் அபி படிக்கட்டில் விழுந்துவிட்டாள், வாயெல்லாம் ரத்தம். ஹாலுக்கு வெளியே போய்ப் பேசினாள். ஆடிக்கொண்டிருந்த பால்பல் ஒன்று விழுந்திருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று டீச்சர் சொன்னதும்தான் மூச்சு வந்தது. நாலு நிமிஷம். திரும்பி வந்து மிச்ச வேலையை முடித்து, தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

மூன்று மணிக்கு சைரன் ஒலித்தது. கார் மணிக்கு அறுபத்துநான்கு கிலோமீட்டர் வேகத்தில் வந்து தடுப்பில் மோதியது. எத்தனை முறை கேட்டாலும் அந்தச் சத்தம் உடம்பைத் தூக்கிப் போடும். அதன்பின் கண்ணாடித் தூள் உதிர்கிற ஓசை மட்டும். சாமுவேல் முன்கதவை ஒரே கையால் திறந்தான். முன்னால் இருந்த இரண்டு பொம்மைகளும் காற்றுப்பையில் முகம் பதித்து, அசையாமல் உட்கார்ந்திருந்தன. கார்க் கம்பெனிக்காரர்கள் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

கிருஷ்ணவேணி பின்பக்கம் போனாள். பெண் பொம்மை உட்கார்ந்திருக்கவில்லை. இடுப்பு முன்னால் சறுக்கி, முட்டி முன் இருக்கையைக் குத்திக்கொண்டிருந்தது. இடுப்பெலும்பில் இருந்திருக்க வேண்டிய பெல்ட் வயிற்றுக்குள் புதைந்திருந்தது.

எல்லோரும் படம் பார்த்தார்கள். நொடிக்கு ஆயிரம் படம் எடுக்கிற கேமரா. பொம்மை முன்னால் வருகிறது, பெல்ட் இறுகுகிறது, இடுப்பு இருக்கைக்குள் அமிழ்ந்து கீழே நழுவுகிறது, பெல்ட் வயிற்றுக்குள் புதைகிறது. மோதலுக்கு முன் பெல்ட் எங்கே படிந்திருந்தது என்பது மட்டும் பொம்மையின் கைக்குப் பின்னால் மறைந்திருந்தது. கண் சிமிட்டுகிற நேரத்தில் முடிந்துபோகிற காரியத்தைத் திரையில் அரை நிமிஷம் பார்த்தார்கள்.

"ஆளா இருந்தா இன்னா ஆயிருக்கும்?" என்று கம்பெனிக்காரர்களில் ஒரு இளைஞன் கேட்டான்.

"வயித்துல இருக்கறதெல்லாம் கிழிஞ்சிருக்கும் சார்" என்றான் சாமுவேல்.

கார்க் கம்பெனியின் தலைமைப் பொறியாளர் ராஜகோபால் திரையை விட்டுத் திரும்பினார். ஏனாத்தூர் கல்லூரியில் படித்தவர், நாற்பத்தைந்து வயதிருக்கும். மூன்று வருஷமாக இந்தக் காரோடேயே வாழ்ந்தவர். கிருஷ்ணவேணி எடுத்த போட்டோக்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"மேடம், பெல்ட் எலும்பு மேல படிஞ்சிருக்கான்னு கடைசியா ஒரு செக் இருக்குதே, அதுக்கு போட்டோ எங்க?"

தாளில் அந்த வரிக்கு எதிரே டிக் இருந்தது. அவள் போட்ட டிக்தான். போட்டோ இல்லை.

"பெல்ட் மொதல்லயே வயித்து மேல இருந்திருக்குது. அதான் சறுக்கிடுச்சு" என்றார் ராஜகோபால். அவர் குரலில் கோபம் இல்லை, நிம்மதிதான் தெரிந்தது. "எங்க கம்ப்யூட்டர் கணக்குல நானூறு தடவ ஓட்டிப் பாத்தாச்சு. ஒரு தடவகூட இப்டி ஆனதில்ல."

சாயங்காலம் சோதனைக்கூடத்தின் மேலாளர் குமாரவேல் அவளைக் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனிதர். உட்காரச் சொன்னார்.

"பாரும்மா, பொம்மைய உக்காரவச்சதுல தப்பு நடந்துடுச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடு. டெஸ்ட் செல்லாதுன்னு போயிடும். உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாது, நான் பாத்துக்கறேன். அவங்க நமக்குப் பெரிய கஸ்டமர்."

"தப்பு நடந்துச்சான்னு எனக்கே தெரியல சார்."

"டிக் போட்டிருக்கியே?"

"டிக் போட்டது ஞாபகம் இருக்குது சார். பெல்ட்டத் தொட்டது ஞாபகம் இல்ல."

குமாரவேல் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "திங்கக்கெழம வரைக்கும் யோசி" என்றார்.

அவள் கணவன் லோகேஸ்வரன் ஒரு பட்டுக்கடை முதலாளியின் கார் ஓட்டுகிறவன். விஷயத்தைச் சொன்னதும் அவன் கேட்டது ஒன்றுதான்.

"நீ பாத்தியா, பாக்கலயா? அத சொல்லு மொதல்ல."

"அதான் தெரியலங்கறேன். போனுக்கு முன்னாடி பாத்ததெல்லாம் கண்ணு முன்னாடி நிக்குது. பின்னாடி ஒண்ணும் இல்ல. அபி வாயில ரத்தம்னதுதான் காதுல இருந்துச்சு."

"அப்ப எழுதிக் குடுத்துடு. அந்த வண்டிய நாமளா வாங்கப்போறோம்?"

சொல்லிவிட்டானே ஒழிய, அவனுக்கும் அது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. லோகேஸ்வரனுக்கு முதலாளி குடும்பத்தை வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு அழைத்துவர வேண்டியிருந்தது. கிருஷ்ணவேணியும் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு உறவுக்காரர் வீட்டுக்கு வந்திருந்தாள். திரும்புகிற வழியில் கோயில் கார் நிறுத்துமிடத்தில் கணவனைப் பார்த்தாள்.

"உள்ள வந்து ஏசில உக்காரு. அவங்க வர முக்கா மணி நேரம் ஆவும்" என்றான்.

அவள் முன் இருக்கைக்குப் போகவில்லை. பின்கதவைத் திறந்தாள். இப்படிப்பட்ட கார்களின் பின் இருக்கைக்குள் எத்தனையோ முறை கைநீட்டி அளவெடுத்திருக்கிறாள். ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை. அது வேறு கம்பெனி வண்டி. அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினாள். நிமிர்ந்து உட்கார்ந்தால் பெல்ட் இடுப்பெலும்பில் சரியாகப் படிந்தது. பாதம் தரையில் பாதிதான் பட்டது. கொஞ்சம் சாய்ந்தாள். இடுப்பு தானாக முன்னால் போனது. பெல்ட் நாலு விரல் மேலே ஏறி வயிற்றில் நின்றது.

"எல்லாரும் இப்டித்தான் உக்காருவாங்களா?" என்று கேட்டாள்.

"நேரா உக்காரவா இவ்ளோ பெரிய வண்டி வாங்கறாங்க?" என்று சிரித்தான் லோகேஸ்வரன்.

அப்போது முதலாளியம்மா வந்துவிட்டார். உள்ளே கூட்டம் அதிகம் என்று மற்றவர்களை விட்டுவிட்டு முன்னதாகவே திரும்பியிருந்தார். ஐம்பது வயதிருக்கும், குள்ளமான உருவம், பச்சைப் பட்டுப்புடவை. கிருஷ்ணவேணி பதறிப்போய் இறங்கப் பார்த்தாள். பெல்ட் இழுத்துப் பிடித்துக்கொண்டது.

"யாரு லோகு இது?"

"என் வீட்டுக்காரிமா. கார் மோதி டெஸ்ட் பண்றாங்களே, அங்க வேல செய்றா. பெல்ட்டு எப்டி இருக்குதுன்னு சும்மா பாத்துக்கினு இருந்தா. தப்பா நெனச்சுக்காதீங்கமா."

அந்தம்மாள் கோபப்படவில்லை. மறுபக்கம் சுற்றி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். "நான் பெல்ட்டே போடறதில்லமா. பொடவ கசங்கிடும். போட்டா எங்க படணும்?"

கிருஷ்ணவேணி பெல்ட்டை இழுத்து அவருக்கு மாட்டிவிட்டாள். புடவை மடிப்புகளை ஒதுக்கி, இடுப்பெலும்பின்மேல் வைத்துக் காட்டினாள். "இங்கமா. வயித்து மேல ஏறக்கூடாது."

முதலாளியம்மா பெல்ட்டின் விளிம்பை இரண்டு விரலால் நிமிண்டிப் பார்த்தார். கடையில் புடவை பார்க்கிற பழக்கம். "நல்லா இறுக்கமாத்தான் நெய்ஞ்சிருக்கான். இது இங்க படணும், அங்க படக்கூடாதுன்னு யாரு பாத்துச் சொல்றாங்க?"

"நாங்கதாம்மா. எங்களுது மாதிரி எடத்துலதான் பாப்பாங்க."

"நீ பாத்துட்டியா? அப்ப சரி" என்று சொல்லிவிட்டு அந்தம்மாள் சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"இந்த வண்டிய நான் பாக்கலமா" என்றாள் கிருஷ்ணவேணி. அந்தம்மாள் காதில் அது விழுந்ததா என்று தெரியவில்லை.

பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது அவளுக்கு அந்த வார்த்தைதான் ஓடிக்கொண்டிருந்தது. பாத்துட்டியா. ஒரு வரி எழுதிக் கொடுத்தால் பார்க்கவில்லை என்று ஆகிவிடும். பார்த்தேன் என்று சாதித்தால் அதுவும் பொய்யாக இருக்கலாம். வீடு வருவதற்குள், தெரிந்ததை மட்டும் எழுதுவது என்று முடிவு செய்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை எட்டு வரி எழுதிக் கொடுத்தாள். பதினொன்று பத்திலிருந்து நாலு நிமிஷம் போனில் பேசினேன். அதற்கு முந்திய அளவுகள் எல்லாம் சரியாக இருந்தன, போட்டோ இருக்கிறது. கடைசியாக பெல்ட்டைச் சரிபார்த்ததாக டிக் போட்டிருக்கிறேன், ஆனால் பார்த்ததாக ஞாபகம் இல்லை. பெல்ட் சரியாக இருந்தது என்றும் சொல்ல முடியாது, தவறாக இருந்தது என்றும் சொல்ல முடியாது. இதே மாதிரி இன்னொரு காரில், ஒரு திருகுகூட மாற்றாமல், வேறொருவர் பொம்மையை உட்காரவைத்து மறுபடி செய்து பார்க்கவேண்டும்.

குமாரவேல் இரண்டுமுறை படித்தார். "நான் கேட்டது இது இல்லியேமா."

"தெரிஞ்சதத்தான் சார் எழுத முடியும்."

ராஜகோபால் வாங்கிப் படித்தார். "இது போதும் சார். செக் பண்ணலன்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க."

"பண்ணலன்னு எழுதல சார். ஞாபகம் இல்லன்னு எழுதியிருக்கேன்."

"ரெண்டும் ஒண்ணுதான் மேடம்."

"ஒண்ணா இருந்தா, இன்னொரு வாட்டி செஞ்சா தெரிஞ்சிடும் இல்ல சார்? சாமுவேல் உக்காரவைக்கட்டும். நான் ஹாலுக்குள்ளயே வரல. என் தப்பா இருந்தா இந்த வாட்டி பெல்ட் நிக்கும்."

ராஜகோபால் அவளையே பார்த்தார். அந்த மனிதர் எதையும் மறைக்கப் பார்க்கவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. தன் கார் நல்ல கார் என்று உள்ளபடியே நம்பினார். நம்பியதால்தான் ஒத்துக்கொண்டார்.

"சரி, செய்யலாம். ஆனா பெல்ட் நின்னுட்டா, தப்பு உங்களுதுன்னு ரிப்போர்ட் போவும். அதுக்கப்பறம் எங்க வண்டிய நீங்க தொடக்கூடாது."

குமாரவேல் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள்.

இன்னொரு கார் வந்துசேரப் பதினெட்டு நாள் ஆனது. அந்தப் பதினெட்டு நாளும் அவளுக்குப் பின்கட்டில் வேலை. பொம்மைகளின் முட்டியைக் கழற்றிச் சோதித்துப் பூட்டுவது. வேனில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் வழக்கம்போலப் பேசினார்கள், ஆனால் இந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஒருத்தி மட்டும், "பொழைக்கத் தெரியாதவளா இருக்கியேடி" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

வேலை போய்விடுமோ என்ற பயத்தைவிட இன்னொன்று அவளை அதிகம் வருத்தியது. ஒருநாள் முட்டியைப் பூட்டிக்கொண்டிருக்கும்போது, பெல்ட் சறுக்கவேண்டும், சறுக்கவேண்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருப்பதைத் தானே கண்டுபிடித்தாள். கை அப்படியே நின்றுவிட்டது. பெல்ட் சறுக்கினால் இவள்மேல் தப்பில்லை. ஆனால் அந்தக் கார் பின்னால் உட்காருகிறவளைக் கொல்லும். நின்றுவிட்டால் கார் நல்லது, இவள் கெட்டவள். ஏழு வருஷமாக ஒவ்வொரு மோதலுக்கு முன்பும் பொம்மைக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்றுதான் நினைத்திருக்கிறாள். இப்போது எதற்காக வேண்டிக்கொள்வது என்றே தெரியவில்லை. அன்று இரவு அதைக் கணவனிடம் சொன்னாள்.

"எதுக்குமே வேண்டாத. இருக்கறது தெரியட்டும், அவ்ளோதான்" என்றான் லோகேஸ்வரன்.

மறுசோதனை நடந்த அன்று அவள் கேன்டீனில் உட்கார்ந்திருந்தாள். சைரன் கேட்டது. சத்தம் சுவர் தாண்டி வந்து மேஜைமேல் இருந்த டீ டம்ளரை அதிரவைத்தது. அரைமணி நேரம் யாரும் வரவில்லை. பிறகு சாமுவேல் வந்தான். எங்கே இடித்தது என்று தெரிவதற்காகப் பொம்மை முகத்தில் பூசுகிற நீலச் சாயம் அவன் கையெல்லாம் அப்பியிருந்தது. எதிரில் உட்கார்ந்தான்.

"ஏறிடுச்சுக்கா. அதே மாதிரி. நான் மூணு தடவ பாத்து, மூணு போட்டோ எடுத்து, குமாரவேல் சாரயும் கூப்ட்டுக் காட்டிட்டுதான் விட்டேன். அப்பவும் ஏறிடுச்சு."

அவளுக்குச் சந்தோஷம் வரும் என்று சாமுவேல் எதிர்பார்த்திருப்பான். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எவ்ளோ?" என்று மட்டும் கேட்டாள்.

"மொத தடவையவிட அதிகம்."

அவளை உள்ளே வரச்சொல்லி ஆள் வந்தது. ஹாலில் உடைந்த காருக்குப் பக்கத்தில், தரையில், சட்டையில் தூசி படிய ராஜகோபால் உட்கார்ந்திருந்தார். பின் இருக்கையின் உறையை அறுத்து எடுத்திருந்தார்கள். உள்ளே இருந்த ஃபோம் துண்டை மடியில் வைத்து அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், உங்க ஒசரம் எவ்ளோ?"

"அஞ்சடி இருக்கும் சார்."

ஓரத்தில் மூன்றாவதாக ஒரு கார் நின்றிருந்தது, உடையாதது. "அதுல கொஞ்சம் உக்காருங்க, ப்ளீஸ்."

அவள் உட்கார்ந்தாள். அவர் கதவோரம் படுத்துக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்தார். சாயச் சொன்னார், நிமிரச் சொன்னார். இடுப்பை முன்னால் தள்ளிப் பார்க்கச் சொன்னார்.

"இன்னா தெரியுது உங்களுக்கு?"

"தொடைக்குக் கீழ ஒண்ணும் தாங்கல சார். உள்ள போயிக்கினே இருக்குது. ஒசரமானவங்கன்னா பாதத்த ஊனிக்குவாங்க. எனக்குக் கால் எட்டல. பெல்ட் மட்டும் எப்டி என்னப் பிடிக்கும்?"

ராஜகோபால் டார்ச்சை அணைத்தார். "சொகுசு பத்தலன்னு ஆறு மாசத்துக்கு முன்னாடி நாங்கதான் ஃபோம மாத்தினோம்" என்றார் மெதுவாக. "கம்ப்யூட்டர்ல பழைய ஃபோம்தான் இருக்குது. யாரும் மாத்தல. நானும் கேக்கல."

அவர் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. தரையிலிருந்து அவர் எழுந்திருக்கக் கொஞ்சம் கஷ்டப்பட்டார். கிருஷ்ணவேணி கை கொடுத்தாள்.

காரின் வெளியீடு ஐந்து மாதம் தள்ளிப்போனது. தலைமை அலுவலகத்தில் ராஜகோபாலை நன்றாக வாங்கு வாங்கென்று வாங்கினார்கள் என்று சாமுவேல் எங்கிருந்தோ கேட்டு வந்து சொன்னான். போட்டோ எடுக்காமல் டிக் போட்டதற்காக கிருஷ்ணவேணிக்கு ஒரு மெமோ வந்தது. அதைக் கொடுக்கும்போது குமாரவேல் சங்கடப்பட்டார். "இது வேணாம்னு பாத்தேன். ஆனா ரூல்னு ஒண்ணு இருக்குது."

"இருக்கட்டும் சார். அதுல எழுதியிருக்கறது நெஜம்தானே" என்று வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். அதன்பிறகு அளவுத் தாளின் கடைசிப் பக்கத்தில் இரண்டு பேர் கையெழுத்துப் போடவேண்டும் என்று ஆயிற்று.

தை மாதம் புது இருக்கையோடு கார் வந்தது. மெத்தைக்கு அடியில், தொடையின் கீழே, மேடாக வளைத்த ஒரு எஃகுத் தகடு சேர்த்திருந்தார்கள். மேலே தொட்டால் முன்புபோலவே மெத்தென்றுதான் இருந்தது. பெண் பொம்மையை யார் உட்காரவைப்பது என்று குமாரவேல் கேட்டபோது, ராஜகோபால் கிருஷ்ணவேணி பக்கம் கையைக் காட்டினார். அன்று அவள் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் அதிகம் எடுத்துக்கொண்டாள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

சாயங்காலம் படத்தைப் போட்டார்கள். பொம்மை முன்னால் வந்தது. பெல்ட் இறுகியது. இடுப்பு அமிழப் பார்த்து, எதிலோ முட்டிக்கொண்டதுபோல நின்றது. பெல்ட் எலும்பை விடவில்லை. தலை குனிந்து, நிமிர்ந்து, இருக்கையில் சாய்ந்தது.

யாரும் கைதட்டவில்லை. ராஜகோபால் "இன்னொரு தடவ போடுங்க" என்றார். போட்டார்கள். மறுபடியும் கேட்டார்.

"சார், வேன் கெளம்பற நேரம்" என்றான் சாமுவேல்.

"இன்னும் ஒரே ஒரு தடவ."

கிருஷ்ணவேணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தவள், மறுபடி உட்கார்ந்தாள். வெளியே வேன்காரர் இரண்டுமுறை ஹாரன் அடித்தார். திரையில் அந்தப் பெண் மறுபடியும் மெல்ல முன்னால் வந்துகொண்டிருந்தாள்.